குட்டி ரயில் போன வழி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மொரப்பூர்–தருமபுரி ரயில் பாதையை ‘மீண்டும்’ போடப்போவதாகச் சொல்கிறார்கள். அப்படியென்றால் முன்பே ஓடியதா? ஏன் நிறுத்தினார்கள்?
– வாசகர், தருமபுரி

பதில்: ஓடியது. 1906-ல் மொரப்பூரிலிருந்து தருமபுரி வரைக்கும், 1913-ல் அங்கிருந்து ஓசூர் வரைக்கும். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே இரண்டரை அடிதான் இடைவெளி, அதனால் அது குட்டி ரயில். மொரப்பூர்ப் பாதைக்கு ஒரு வருடம் முன்பே, 1905-ல், திருப்பத்தூர்–கிருஷ்ணகிரிக்கும் இதே அளவில் ஒரு பாதை வந்துவிட்டது.

வெள்ளைக்காரன் வியாபாரத்துக்காகப் போட்டான் என்று பலரும் நினைக்கிறார்கள், அது பாதிதான் சரி. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள், 1876 முதல் 78 வரை. நம் பகுதி அப்போது சேலம் ஜில்லா. 1871-ல் கிட்டத்தட்ட 20 லட்சம் பேர் இருந்த அந்த ஜில்லாவில் 1881-ல் எண்ணியபோது 16 லட்சம் பேர்தான் இருந்தார்கள். இத்தனைக்கும் சென்னை–சேலம் மெயின் லைன் மொரப்பூர் வழியாக அப்போதே போய்க்கொண்டிருந்தது. ஆனால் ரயிலில் வரும் தானியம் அங்கிருந்து உள்ளூர்களுக்குப் போக மாட்டுவண்டி வேண்டும், மாட்டுக்கே தீவனமும் தண்ணீரும் இல்லாத காலம் அது. இன்னொரு தடவை அப்படி ஆகக் கூடாது என்று பஞ்சத் தடுப்புப் பாதையாகத்தான் இந்த இரண்டையும் போட்டார்கள்.

அப்புறம் ஏன் மூடினார்கள்? மெயின் லைன் வேகன் குட்டிப் பாதையில் ஏறாது. மொரப்பூரில் ஒவ்வொரு மூட்டையையும் தோளில் தூக்கி அந்த வண்டியிலிருந்து இந்த வண்டிக்கு மாற்ற வேண்டும், இங்கிருந்து போகிற புளி மூட்டைக்கும் அதே பாடுதான். அதற்குள் பஸ்ஸும் லாரியும் வந்துவிட்டன. கிருஷ்ணகிரிப் பாதை 1936-ல் போயிற்று. மொரப்பூர்ப் பாதையை 1941-ல், யுத்த சமயத்தில் மூடி, தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். வருமானம் இல்லாததுதான் காரணம் என்கிற பேச்சு எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. பஞ்சத்துக்காகப் போட்ட பாதையிடம் லாபக் கணக்குக் கேட்பது என்ன நியாயம்?

கேள்வி: தருமபுரியில்தான் ரயில் நிலையம் இருக்கிறதே, வெறும் 36 கிலோமீட்டருக்கு இவ்வளவு செலவு எதற்கு?
– வாசகி, பாலக்கோடு

பதில்: தருமபுரி இருப்பது சேலம்–பெங்களூரு பாதையில், மொரப்பூர் இருப்பது சேலம்–ஜோலார்பேட்டை பாதையில். இந்த 36 கிலோமீட்டர் இரண்டையும் சேர்த்துவிடும். இப்போது தருமபுரிக்காரர் சென்னைக்கு ரயிலில் போக வேண்டுமென்றால் ஒன்று சேலத்தைச் சுற்ற வேண்டும், இல்லை பஸ் பிடித்து மொரப்பூர் போய் ஏற வேண்டும். ஒருமுறை விடியாத நேரத்தில் மொரப்பூரில் இறங்கி, முதல் பஸ்ஸுக்காக ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். பக்கத்தில் ஒரு அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு, தூங்குகிற கணவரின் தலையை ஒரு கையால் தாங்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அவர்கள் போக வேண்டியது தருமபுரிக்கு, வந்த ரயிலிலேயே போயிருக்க வேண்டிய தூரம். சுமார் 359 கோடி ரூபாய்த் திட்டம் இது, செலவு கண்டிப்பாகத் தேவைதான். 2016–17 பட்ஜெட்டில் ஒப்புதல் கிடைத்து 2019 மார்ச்சில் அடிக்கல்லும் நாட்டிவிட்டார்கள், பிறகு நிலம் எடுப்பதிலேயே வருடங்கள் ஓடிவிட்டன. கேட்க வேண்டியதை அங்கே கேளுங்கள்: எந்தெந்தக் கிராமத்தில் நிலம் எடுத்து முடிந்தது, யாருக்கு இழப்பீடு பாக்கி என்று.

கேள்வி: எங்கள் ஊருக்கு எப்போது ரயில் வரும்?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: 2004-ல் தனி மாவட்டமான பிறகும் தலைநகரில் ரயில் நிலையம் இல்லை என்பது பெரிய குறை. இவ்வளவு மாம்பழம் விளைகிற ஊர், எல்லாம் லாரியில்தான் போகிறது. ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் பாதை போடலாம் என்று சர்வே வரைக்கும் வந்திருக்கிறது, ஆனால் சர்வேயை நம்பி நான் தேதி சொல்ல மாட்டேன். உங்களால் ஒரு உதவி ஆக வேண்டும். 1936-ல் சிறு பிள்ளையாக அந்த ரயிலில் போனவருக்கு இன்று நூறை நெருங்கும் வயது. உங்கள் தெருவில் அப்படி யாராவது இருந்தால் ஸ்டேஷன் எந்த இடத்தில் இருந்தது, வண்டி எந்தப் பக்கமாகத் திரும்பிப் போகும் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள், பென்சிலில் வரைந்த படமாக இருந்தாலும் சரி.