துஞ்சினான் என்றவர்கள் இடத்தையும் சொன்னார்கள்

கேள்வி: 'போறேன்' என்றால் பாட்டி திட்டுகிறார், 'போயிட்டு வரேன்' என்று சொல்லச் சொல்கிறார். இப்படி இடக்கரடக்கலாகப் பேசுவது உண்மையை மறைப்பது ஆகாதா? (வாசகி, தென்காசி)

பதில்: பாட்டி சொல்லித்தருவது இடக்கரடக்கல் அல்ல, மங்கலம். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதை இந்தப் பக்கத்தில் விடாமல் கண்டித்து வருகிறேன், இன்னும் கண்டிப்பேன். நன்னூல் இரண்டையும் தனித்தனியே வைக்கிறது. நாலு பேர் நடுவே சொல்லக் கூசுவதை வேறு வார்த்தையில் சொன்னால் இடக்கரடக்கல்: 'கால் கழுவி வந்தேன்'. அமங்கலத்துக்கு அஞ்சி மாற்றினால் மங்கலம்: சுடுகாடு நன்காடு ஆகும், விளக்கைக் குளிர வைப்போம். தொல்காப்பியர் இன்னும் நுட்பம். அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல் என்றவர், அடுத்த நூற்பாவிலேயே, வழக்கில் பழகிவிட்டதை மறைக்க வேண்டாம் என்கிறார். ஆட்டுப்பிழுக்கை, யானை இலண்டம் என்று விலங்குகளின் கழிவையே உரைகாரர்கள் கூசாமல் உதாரணம் காட்டுகிறார்கள்.

மறைப்பதா என்கிறீர்கள். அடுப்படியிலிருந்து 'அரிசி நிறைஞ்சிருக்கு' என்று குரல் வந்தால், கடைக்குப் போக வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். 949இல் தக்கோலப் போரில் மாண்ட சோழ இளவரசன் இராசாதித்தனைக் கல்வெட்டு 'ஆனைமேல் துஞ்சின' என்கிறது. துஞ்சுதல் தூங்குதல்தான். ஆனாலும் அவன் உயிர் யானை மேல் போனது என்பது அந்த இரண்டு சொல்லிலேயே இருக்கிறது. சுந்தர சோழன் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்'. மரணத்தை மென்மையாக்கினார்கள், இடத்தை விழுங்கவில்லை.

நம் செய்தித்தாள்கள் விழுங்குகின்றன. 'கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு தாக்கி இருவர் பலி.' இந்த வரியில் குற்றவாளி வாயு! ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். அளவு கூடினால் மூக்கின் மோப்பத்தையே மரக்கச் செய்துவிடும். அதனால்தான் நாற்றம் இல்லை என்று நம்பி இறங்கியவர் சாய்கிறார், அவரைத் தூக்க இறங்கியவரும் சாய்கிறார். இது தெரிந்தே, பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கியவர் ஒருவர் உண்டு. கையால் மலம் அள்ள ஆள் வைப்பதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருக்கு முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தச் சட்டமே மலம் அள்ளுதலைத் தனியாகவும் 'அபாயகரமான சுத்தப்படுத்தல்' என்பதை, அதாவது கவசமின்றிச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆளை இறக்குவதை, தனியாகவும் வரையறுக்கிறது. இந்தப் பிரிவினையை வைத்துத்தான், மலம் அள்ளி யாரும் சாகவில்லை என்று 2021இல் நாடாளுமன்றத்தில் பதில் சொல்ல முடிந்தது.

பாட்டியின் பேச்சில் இப்படி ஆள் காணாமல் போவதில்லை. துணை ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன்: 'விஷவாயு தாக்கி' என்று கை தானாக எழுதினால் அடித்துவிட்டு, யார் கூப்பிட்டார், எவ்வளவு கூலி பேசினார், இயந்திரம் ஏன் வரவில்லை என்று நிருபரிடம் கேளுங்கள். பிறகு எழுதுங்கள்: 'ஒப்பந்ததாரர் கவசமின்றித் தொட்டிக்குள் இறக்கிய இருவர் இறந்தனர்.'