பாத்திரமாக நின்று வரலாறு சொல்வது: 1806 வேலூரை எடுத்துக்கொண்டால்

கேள்வி: குடியாத்தம் பக்கத்தில் வரலாற்று ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். 1806-இல் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்த வேலூர்ப் புரட்சியைச் சொற்பொழிவாகச் சொல்லாமல், அந்தக் காலத்து ஆள் ஒருவராகவே நின்று சொல்ல ஆசை. பள்ளி, நூலகம், ஊர்ச் சங்கம் என்று போய்ச் செய்யலாம் என்றிருக்கிறேன். யாரைப் பாத்திரமாக எடுப்பது? எப்படித் தயாராவது?

பதில்: வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இந்த வடிவம் புதிதல்ல. திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம் கேட்டு, இரவில் தெருக்கூத்தில் திரைக்குப் பின்னிருந்து வரும் துரியோதனன், கூத்தை அறிவித்து நடத்தும் கட்டியங்காரனிடம் தான் யாரென்று சொல்வதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. நீங்கள் செய்யப்போவது அந்த இரண்டையும் ஒரே ஆள் ஒரே மணி நேரத்தில் செய்வது.

அமெரிக்காவில் இதற்குத் தனி மரபு உண்டு. 1874-இல் நியூயார்க் மாநிலத்து ஷடாக்வா ஏரிக்கரையில் தொடங்கிய பொதுக்கல்விக் கூட்டங்களின் பெயரால் அதை அழைக்கிறார்கள். நிகழ்ச்சிக்கு மூன்று கட்டம். முதலில் பாத்திரமாகப் பேசுவது. பிறகு பாத்திரமாகவே கேள்விகளுக்குப் பதில் சொல்வது. கடைசியில் வேடத்தைக் களைந்து, படித்தவராக நின்று பதில் சொல்வது. 30, 15, 15 நிமிடம் என்று பிரித்தால் ஒரு மணி நேரம். பள்ளி வகுப்பு நேரத்துக்குள் முடிக்க வேண்டுமென்றால் 20, 10, 10. முதல் கட்டம் நீண்டுபோய் மூன்றாவதை விழுங்கிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு. மூன்றாவது இல்லையென்றால் அது மாறுவேடப் போட்டி.

பாத்திரத்துக்கு வருவோம். எல்லாருக்கும் முதலில் தோன்றுவது புரட்சி செய்த ஒரு சிப்பாய். ஆனால் அன்றிரவு கோட்டைக்குள் நடந்ததைச் சிப்பாய் ஒருவர் தம் கையால் எழுதிவைத்த விவரம் நமக்குக் கிடைக்கவில்லை. நேரில் பார்த்து எழுதியவராகக் கிடைப்பவர் கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட்டின் மனைவி அமீலியா. கணவர் கொல்லப்பட்டார், இவர் குழந்தைகளோடு தப்பினார், இரண்டே வாரத்தில் எழுதினார். அவரையே எடுங்கள் என்பது என் கருத்து. 'துரைசானி வாயால் நம் புரட்சியா?' என்று சபையில் யாராவது கேட்பார்கள். கேட்கட்டும், மூன்றாவது கட்டத்துக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

அடுத்து, பாத்திரம் எந்த நாளில் நின்று பேசுகிறது என்று முடிவு செய்யுங்கள். 1806 ஜூலை கடைசி வாரம் என்று வைத்துக்கொள்வோம். ஜூலை 10 விடியுமுன் கேட்ட துப்பாக்கிச் சத்தம் அவருக்குத் தெரியும். ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையை மீட்டது தெரியும். சென்னை ஆளுநர் பெண்டிங்க் பிரபுவும் தலைமைத் தளபதி கிராடாக்கும் 1807-இல் திரும்ப அழைக்கப்பட்டது தெரியாது. 1857 தெரியவே தெரியாது. 'முதல் சுதந்திரப் போர்' என்ற சொல் அவர் வாயில் வந்தால் அங்கேயே பாத்திரம் செத்துவிடும். செத்தவர் எண்ணிக்கையும் அப்படித்தான். நூலுக்கு நூல் அது மாறுகிறது. ஒளிந்திருந்தவர் எண்ணிக்கொண்டா இருந்திருப்பார்?

இனி எழுத்து வேலை. ஒரு நோட்டில் வலப்பக்கம் உங்கள் பேச்சு, இடப்பக்கம் ஒவ்வொரு வரிக்கும் ஒரு குறி: ஆவணத்தில் இருப்பதற்கு 'ஆ', பலரும் சொல்வதற்கு 'ப', நீங்களே இட்டுக்கட்டியதற்கு 'க'. உணர்ச்சி வரிகளுக்கு 'க' விழுவதில் தவறில்லை. ஆள் பெயர், நேரம், இடம், உத்தரவு ஆகியவற்றில் 'க' விழுந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். ஊர்ப் பின்னணிக்கு ஆர்தர் காக்ஸ் தொகுத்த 1881 வட ஆற்காடு மாவட்டக் கையேடு உதவும். அதிகாரிகள் எழுதிய நூல் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போவதானால், என்ன தேடுகிறோம் என்பதை ஆண்டு, மாதத்தோடு எழுதிக்கொண்டு போனால்தான் நாள் வீணாகாது. நீளத்துக்கு, ஒரு பக்கத்தை மேடைக் குரலில் வாசித்துக் கடிகாரத்தில் அளந்து பெருக்குங்கள். மனத்துக்குள் வாசித்து அளந்தால் ஏமாந்துபோவீர்கள்.

கேள்விகளுக்குத் தயாராவதில்தான் பாதி உழைப்பு. ஐம்பது கேள்வி எழுதி, பாத்திரத்துக்குத் தெரிந்தவை, தெரிய வழியில்லாதவை, தெரிந்தும் சொல்லாதவை என்று பிரியுங்கள். இரண்டாவது வகைக்குப் பாத்திரமாகவே 'அது என் காதுக்கு எட்டவில்லை' என்று சொல்லலாம். 'சிப்பாய்கள் ஏன் எழுந்தார்கள்?' என்ற கேள்வி வந்தே தீரும். அமீலியாவின் பதில் அரைகுறையாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். வேடம் களைந்த பிறகு நீங்கள் முழுதாகச் சொல்லுங்கள்: 1805 நவம்பரில் வந்த உத்தரவு, நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் தடை, தொப்பி போன்ற புதிய தலைப்பாகை, அதில் தோல் சின்னம், எதிர்த்தவர்களுக்குக் கசையடி, கோட்டையிலேயே காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகள். 'திப்பு நல்லவரா கெட்டவரா' என்று பேச்சு திரும்பினால், இந்த நிகழ்ச்சியோடு தொடர்புள்ளதை மட்டும் சொல்லி 1806-க்கே திரும்பிவிடுங்கள். உங்களுக்கே தெரியாததென்றால் கேட்டவரின் எண்ணை வாங்கி, பார்த்துச் சொல்லுங்கள்.

துணைக்குக் கட்டியங்காரன் போல ஒருவர் வேண்டும். 'இவர் இன்று நமக்காகத் தமிழில் பேசுகிறார்' என்று அவர் ஒரு வரி சொல்லிவிட்டால் மொழிச் சிக்கல் தீர்ந்தது. சினிமாத் துரைசானி மாதிரி கொச்சைத் தமிழ் வேண்டாம். முதல் சிரிப்போடு சோகம் போய்விடும். கேள்விகளை மைக்கில் திரும்பச் சொல்வதும், கட்டம் மாறும்போது அறிவிப்பதும் அவர் வேலை.

உடையில் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். வாடகைக் கடையில் தரும் குடைபோல் விரிந்த கவுன் 1850-களின் பாணி. 1806-இல் மார்புக்குக் கீழேயே இடைக்கட்டு வைத்த, நேராக விழும் மெல்லிய வெள்ளை மஸ்லின்தான். தைக்க முடியாவிட்டால், சொந்தச் சேலைமேல் ஒரு வெள்ளைச் சால்வை போதும். பாதி சரியான வேடத்தைவிட, அடையாளத்துக்கு ஒரு துணி நேர்மையானது. மூன்றாவது கட்டத்தில் எடுத்து மடித்து வைக்கவும் வசதி. (கில்லஸ்பியாக நிற்க ஆசைப்படும் ஆண்களுக்கு: கம்பளிக் கோட்டும் வேலூர்க் கத்திரி வெயிலும் ஒத்துப்போகாது.) காலர் மைக் சால்வையில் உரசாமல், கழுத்தோரம் ரவிக்கையில் குத்துங்கள்.

முதல் அரங்கேற்றம் தெரிந்தவர்கள் பத்துப் பேர் முன்னால் நடக்கட்டும். பிறகு நூலக வாசகர் வட்டம், அப்புறம் பள்ளி. கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், அங்கே நடத்த எழுத்தில் முன் அனுமதி வேண்டும். திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி. இரவு 10 மணிக்கு மேல் அதுவும் கிடையாது. பயணச் செலவு, மைக், மேசை, மூன்று கட்ட நேரம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி முன்கூட்டியே அமைப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். எல்லாரும் ஜூலை 10-க்கே கூப்பிடுவார்கள். பள்ளி திறந்தவுடன் ஜூனிலேயே கடிதம் போட்டு, அந்த வாரத்தின் மற்ற நாட்களையும் கேட்டு வையுங்கள்.