மண்டி இறங்கட்டும், அப்புறம் வடிகட்டலாம்

டிசம்பர் நெருங்கினால் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் பீடோரில் என்னிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: வீட்டு வைன் ஏன் கலங்கலாக இருக்கிறது? இந்த முறை கேட்டவர்கள் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

அங்கிள், திராட்சை வைன் போட்டு ஆறு வாரம். மல்துணியை நாலாக மடித்து மூன்று தடவை வடிகட்டியும் தெளியவில்லை. நிறமும் பழுப்பாகிவிட்டது.

துணியை எடுத்து வையுங்கள் அம்மா. சக்கைக்கும் கொட்டைக்கும்தான் துணி. கலங்கலாகத் தெரிவது பெரும்பாலும் ஈஸ்ட். ஒரு செல் 5 மைக்ரான் அளவுதான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), எந்தத் துணியிலும் நழுவிவிடும். தோட்டத்துப் பால் ஸ்டோரில் நான் வேலை பார்த்தபோது ரப்பர் பாலைச் சல்லடையில் வடிப்போம். இலையும் பட்டையும் மேலே நிற்கும், பால் பாலாகவே கீழே போகும். இதுவும் அப்படித்தான். ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் காற்று கலக்கிறது, பழுப்பு அதனால் வந்தது.

ஜாடியை மேசைமேல் அசையாமல் வையுங்கள். அடியில் தங்கும் மண்டியை விட்டு, வைனை மட்டும் குழாய் வழியாக வேறு பாட்டிலுக்கு இறக்குங்கள். மண்டிக்கு ஓர் அங்குலம் மேலே குழாயின் ஒரு முனை நிற்கட்டும். மறுமுனை கீழே உள்ள பாட்டிலின் அடியைத் தொடட்டும், சலசலக்காமல் இறங்கும். கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். நாலு வாரம் கழித்து மறுபடி இதே மாதிரி. நம் ஊர் வெயிலில் மண்டி மெதுவாகத்தான் இறங்கும். ஃபிரிட்ஜில் இடமிருந்தால் ஒரு வாரம் வையுங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

கொய்யாவை வேகவைத்துப் போட்டேன் அண்ணே. மூன்று மாதமாகியும் பால் மாதிரியே இருக்கிறது.

வேகவைத்ததுதான் காரணம் தம்பி. பழத்தில் உள்ள பெக்டின் சூட்டில் கரைந்து வந்துவிட்டது. ஜாம் கெட்டியாவதும் இதனால்தான். உறுதி செய்ய, ஒரு கரண்டி வைனை நாலு கரண்டி மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் விட்டுப் பாருங்கள். இழை இழையாகத் திரண்டால் பெக்டின்தான். சோதித்த அந்தக் கலவையை உடனே கொட்டிவிடுங்கள், வாயில் வைக்கக் கூடாது. பெக்டினைச் சிதைக்கும் பெக்டிக் என்ஸைமை வைனில் போட்டால் தெளியும், ஆனால் இப்போது கூடுதலாக வேண்டும். அடுத்த முறை பழத்தை நசுக்கி, ஆறிய நிலையில் முதல் நாளே என்ஸைமைப் போடுங்கள். இந்தக் கலங்கலை எந்த ஃபில்டரும் எடுக்காது, அடைத்துக்கொள்ளும்.

வைன் தெளிய முட்டை வெள்ளைக்கரு போடலாமா?

சிவப்பு வைனுக்குப் போடலாம். 20 லிட்டருக்குப் பாதி வெள்ளைக்கரு போதும், சிட்டிகை உப்போடு. வெளிர் நிற வைனுக்குப் பென்டனைட் மண் நல்லது: லிட்டருக்கு 1 கிராம், வெந்நீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து.

காப்பி ஃபில்டர் பேப்பர்?

வேண்டாம். சொட்டுச் சொட்டாக இறங்கும் நேரமெல்லாம் காற்று படும்.

அப்படியானால் கடையில் விற்கும் ஃபில்டர் பேட், அந்த வடிகட்டி அட்டை, எதற்கு?

ஏற்கெனவே தெளிந்த வைனுக்குப் பளபளப்புக் கொடுக்க. முதலில் 5 மைக்ரான் பேட், அப்புறம் 1 மைக்ரான் பேட். பேட்டைக் கொதித்து ஆறிய தண்ணீரில் அலசாவிட்டால் அட்டை வாடை ஏறும்.

போன வருடம் தெளிந்த வைனைத்தான் அடைத்தோம் அங்கிள், இரண்டு பாட்டில் வெடித்துவிட்டது.

தெளிவு வேறு, நொதிப்பு முடிந்தது வேறு. முடியாமல் அடைத்தால் உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கும். அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவியான ஹைட்ரோமீட்டர் 1.000க்குக் கீழே இறங்கி, ஒரு வாரம் அதே எண்ணில் நிற்க வேண்டும். அதன்பிறகு சர்க்கரை சேர்ப்பதாக இருந்தால், மறுபடி நொதிக்காமலிருக்க பொட்டாசியம் சார்பேட்டும் மெட்டாபைசல்ஃபைட்டும் சேர்த்துப் போடுங்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர்கள் இருந்தால் சல்ஃபைட் போட்டதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். அடைத்த பாட்டிலைப் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் வைக்காதீர்கள்.