தற்செயலாகக் கண்ணில் பட்ட வீட்டை வாங்கலாமா?

கேள்வி: செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகத்தின் கடைத்தளமான மார்க்கெட்பிளேஸில் நாற்காலி தேடும்போது 199 லிண்டன் டாலருக்கு (அந்த உலகத்தின் நாணயம்) ஒரு கடற்கரை வீடு கண்ணில் பட்டது. அதே வீடு வேறு கடைகளில் 75-க்கும் 450-க்கும் இருக்கிறது. எதை வாங்குவது? அங்கே என் நிலம் 1024 சதுர மீட்டர்.

பதில்: விலையை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்தப் பக்கத்தின் முகவரியைக் காப்பி செய்து வையுங்கள். அதன் கடைசியில் உள்ள எண்தான் பொருளின் அடையாளம். கடைக்காரர் பொருளின் பெயரை மாற்றினாலும் எண் மாறாது. தேடினால் திரும்பக் கிடைக்கும் என்று இருந்துவிடாதீர்கள். நாற்காலி தேடியவருக்கு வீடு வந்ததே, விற்பவர்கள் சம்பந்தமில்லாத சொற்களையெல்லாம் குறிச்சொல்லாகத் திணிப்பதால்தான். முகப்பில் 'சிறப்புப் பொருள்' என்று மின்னுவதும் காசு கட்டி வாங்கிய இடம்.

ஒரே வீடு மூன்று கடையில் இருந்தால் பெரும்பாலும் அது 'ஃபுல் பெர்ம்', அதாவது முழு அனுமதியுள்ள சரக்கு. செய்தவர் மறுவிற்பனை உரிமத்தோடு விற்கிறார். வாங்கியவர்கள் சுவருக்கு நிறம் மாற்றித் தங்கள் பெயரில் போடுகிறார்கள். உரிமப்படி செய்தால் தவறில்லை. ஆனால் வாசல் கதவு திறக்கவில்லை என்று கேட்டால் இவர்களுக்குச் சரிசெய்யத் தெரியாது. இன்னொரு வகை திருட்டுப் பிரதி. உரியவர் புகார் செய்தால் உங்கள் இன்வென்டரியிலிருந்தே (உங்கள் பொருள்கள் இருக்கும் பட்டியல்) பொருள் போய்விடலாம். பணத்துக்கு விற்றவரைத்தான் பிடிக்க வேண்டும், அவர் இருந்தால். புகாருக்கு 'ஃபிளாக்' பட்டன் வைத்திருக்கிறார்கள். அழுத்திப் பாருங்கள், மனச்சாந்தி கிடைக்கும்.

அடுத்து அனுமதிகள். வீட்டுக்கு 'காப்பி' கட்டாயம் வேண்டும். தவறி அழித்தாலும் இன்னொன்றை எடுத்து வைக்கலாம். 'நோ காப்பி, டிரான்ஸ்ஃபர்' (பிரதி எடுக்க முடியாது, பிறருக்குக் கொடுக்கலாம்) என்றால் இருப்பது ஒன்றே ஒன்று, போனால் போனதுதான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு, காச்சா பொருள்கள். காசு போட்டு எது வருமென்று தெரியாமல் எடுக்கும் அந்த இயந்திரங்களை, செகண்ட் லைஃபை நடத்தும் லிண்டன் லேப் 2021 ஆகஸ்டோடு நிறுத்தியது. ஆனால் அதற்கு முன் கிடைத்ததை வைத்திருப்பவர் இன்றும் விற்கலாம். அவை 'நோ காப்பி'யாகத்தான் வரும், அதனாலேயே சந்தேகப்பட வேண்டாம். 'ரேர்' என்று போட்டுக் கேட்கும் விலையை மட்டும் சந்தேகப்படுங்கள். ஒரே பொருளைப் பத்துப் பேர் 'ரேர்' என்று விற்றால் அது எப்படி அரிதாகும்?

இனி உங்கள் நிலம். லிண்டன் லேபின் சொந்த நிலப்பரப்பான மெயின்லேண்டில் 1024 சதுர மீட்டருக்கு வழக்கமாக 351 லேண்ட் இம்பாக்ட், அதாவது நிலம் தாங்கும் பொருள்களின் அளவு. வீடே 280 எடுத்தால் கட்டில், நாற்காலி, செடி எல்லாவற்றுக்கும் மிச்சம் 71. நீள அகலமும் பாருங்கள்: நிலம் 32-க்கு 32 சதுரமாக இருந்தால் 40 மீட்டர் வீடு பக்கத்து நிலத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும்.

பொருளின் இணையப் பக்கத்தில் 'செகண்ட் லைஃபில் பார்க்க' என்ற இணைப்பு இருந்தால் கடைக்கே போய் விரித்துவைத்த வீட்டுக்குள் நடந்து பாருங்கள். கூரை தாழ்வென்றால் கேமரா சுவருக்கு வெளியே போய்விடும். கதவைத் திறந்து மூடுங்கள், படியேறுங்கள். மூன்று கடைகளில் எது இப்படிக் காட்டுகிறதோ அதில் வாங்குங்கள், 450 ஆனாலும். இன்றைய மாற்றில் அது இரண்டு அமெரிக்க டாலர்கூட வராது.