ஸ்னோவின் அறிவியல் தெரிந்துவிட்டால் அதன் அழகு போய்விடாதா?

நீங்கள் குளிர் நாட்டுக்கு வந்து ஒன்றிரண்டு வருடம்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். ஸ்னோ இன்னும் அழகாகத் தெரிகிறதே! நான் கனடாவில் பதினெட்டுக் குளிர்காலம் பார்த்தவன். எனக்கு அந்த அழகெல்லாம் முதல் வருடத்தோடு போய்விட்டது. திருப்பிக் கொண்டுவந்தது அறிவியல்தான்.

(நான் விஞ்ஞானி இல்லை, கிடங்கில் வேலை. தப்புப் பிடிக்க வருபவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.)

மகள் நான்காம் வகுப்பில் இருந்தபோது ஸ்னோ படிகங்களைப் பார்த்து வரைந்து வரச் சொன்னார்கள். கறுப்புத் துணி, பூதக்கண்ணாடியோடு வாசலுக்குப் போனோம். துணியில் வீட்டுச் சூடு இருந்ததால் விழுந்ததெல்லாம் தண்ணீர். அடுத்த முறை துணியை வெளியே குளிர வைத்தோம். அன்று விழுந்தவை வெறும் ஊசிகள். "அப்பா, இது நூல் துண்டு மாதிரி இருக்கு, நட்சத்திரம் எங்கே?" என்று அழப் பார்த்தாள். அன்றிரவு தேடிப் படித்தேன். மேகத்துக்குள் மைனஸ் 5 டிகிரி வாக்கில் ஊசி வளருமாம். மைனஸ் 15-ஐ ஒட்டி, ஈரமும் நிறைய இருந்தால்தான் கிளைவிட்ட நட்சத்திரம். ஜப்பானில் நகாயா என்பவர் 1936-இல் முயல் முடியில் படிகம் வளர்த்து இதையெல்லாம் ஆராய்ந்திருக்கிறார்.

பத்து நாள் கழித்து ஒரு மாலையில், அவள் ஜாக்கெட் கையிலேயே ஒன்று வந்து உட்கார்ந்தது. ஆறு கிளை, ஒவ்வொன்றிலும் குட்டிக் கிளைகள். தண்ணீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணமாக அடுக்கிக்கொள்வதால் ஆறு. ஒரு கிளைக்கு மற்றது வளர்வது தெரியாது. ஆறும் ஒரே வழியில், ஒரே குளிரிலும் ஈரத்திலும் வந்ததால் ஒரே மாதிரி வளர்ந்திருக்கின்றன. பக்கத்தில் விழுந்தது வேறு வழியாக வந்தது, அதன் வடிவம் வேறு. வானியலாளர் கெப்ளர் தன் மேல்கோட்டில் விழுந்த ஸ்னோவைப் பார்த்து "ஏன் ஆறு?" என்று 1611-இல் ஒரு சிறு நூலே எழுதினார், முழு விடை கிடைக்கவில்லை. எனக்கு ஷிஃப்ட் முடிந்து வந்து போனிலேயே கிடைத்துவிட்டது.

"நிஜத்தில் பாதி உடைந்ததுதானே விழுகிறது?" என்று ஒருவர் வருவார். ஆமாம் ஐயா, பெரும்பாலானவை கோணல்மாணல்தான். 1885-இல் தொடங்கி ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகங்களைப் படமெடுத்த அமெரிக்காவின் வெர்மான்ட் மாநில விவசாயி பென்ட்லியும் அழகானவற்றைத்தான் தேடி எடுத்தார். கல்யாண ஆல்பத்தில் நாம் செய்யாததா?

அதற்காக ஸ்னோ அள்ளுவதும் பிடித்துவிட்டது என்று நினைக்காதீர்கள். முக்கால் மணி நேரம் ட்ரைவ்வேயை வழித்துவிட்டு நிமிர்ந்தால், தெருவைத் துப்புரவு செய்யும் வண்டி வந்து அத்தனையையும் நம் வாசலில் மதில் மாதிரிக் குவித்துவிட்டுப் போகும். இரண்டு முறை புகார் செய்தேன். தெருவைத் திறப்பதுதான் எங்கள் வேலை என்றார்கள். அந்தக் குவியலில் நட்சத்திரம் எதுவும் கிடையாது, உப்பும் சேறும்தான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்களும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அழகு போகிறதா என்று. துணியை அரை மணி நேரம் முன்பே வெளியே வையுங்கள். குனியும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். மகள் வரைந்து முடிக்குமுன் அந்த நட்சத்திரம் கரைந்தது என் மூச்சுக் காற்றில்தான். அவள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.