'லூக்வார்ம்' வரவேற்புக்கு நன்றி சொல்லலாமா?

கேள்வி: வெளிநாட்டுக் கிளைக்குப் போய் வந்து, 'லூக்வார்ம் வெல்கம்' தந்ததற்கு நன்றி என்று மின்னஞ்சல் அனுப்பினேன். மேலாளர் சிரிக்கிறார். வெதுவெதுப்பு நல்லதுதானே? பைபிளில் வரும் லூக்கா (ஆங்கிலத்தில் 'லூக்') மருத்துவர் என்பதால் வந்த சொல் என்று ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சொன்னார்களே?

பதில்: சிரித்ததோடு விட்டாரே, நல்ல மனிதர். 'ஏதோ கடமைக்கு வரவேற்றீர்கள், நன்றி' என்றல்லவா எழுதியிருக்கிறீர்கள்! இன்றைக்கே இரண்டு வரியில் வருத்தம் தெரிவித்து 'வார்ம் வெல்கம்' என்று திருத்தி அனுப்புங்கள்.

லூக்காவுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அந்தக் கால ஆங்கிலத்தில் 'லூக்' என்றாலே வெதுவெதுப்புதான். 14ஆம் நூற்றாண்டு வாக்கில் 'வார்ம்' கூடவே ஒட்டிக்கொண்டது. நாம் 'நடு சென்டர்' என்கிறோமே, அந்த மாதிரி. பைபிளைத் தேடிப் போன உங்கள் ஆசிரியர் வெளிப்படுத்தின விசேஷம் 3:16ஐப் புரட்டியிருக்கலாம். லவோதிக்கேயா என்ற ஊரின் கிறிஸ்தவ சபையைப் பார்த்து இயேசு, குளிருமில்லாமல் அனலுமில்லாமல் வெதுவெதுப்பாக இருக்கிறாய், வாந்தி பண்ணிப் போடுவேன் என்கிற இடம். 1611ஆம் ஆண்டு ஆங்கில பைபிளில் அங்கே இருப்பது இதே சொல். அரைமனது என்ற பொருள் அதில் அப்படியே தெரிகிறது.

ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு, ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று பட்டியல் அடித்துக் கொடுக்கிறார்கள். பள்ளிக்கூடமும் 'பொருத்துக' போட்டே பழக்கிவிட்டது. எந்தச் சொல்லோடு எது சேரும் என்று யார் சொல்லித் தருகிறார்கள்? நமக்கோ மனம் குளிர்ந்தால்தான் மகிழ்ச்சி, சூடாகப் பேசினால் சண்டை. குளிர்நாட்டு மொழியில் அது தலைகீழ். அங்கே வரவேற்பு கதகதப்பாக இருக்க வேண்டும், சூடு குறைந்தால் குறைதான்.

தண்ணீர், பால் என்று வரும்போது மட்டும் இந்தச் சொல்லில் பழிப்பு இல்லை. காய்ச்சிய பாலை ஆறவைத்து, விரலை விட்டுப் பார்த்து, சுடாமல் இதமாக இருந்தால் உறை ஊற்றுகிறோமே, அந்தப் பதம்தான் லூக்வார்ம். ஈஸ்ட் கரைக்கும் தண்ணீருக்கும், குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீருக்கும் தாராளமாகச் சொல்லலாம். குடிக்கிற காபிக்கு மட்டும் கூடாது. அங்கே காபி கொடுத்திருந்தால், திருத்தி அனுப்பும் மின்னஞ்சலில் அதையும் 'லூக்வார்ம்' என்று பாராட்டி வைக்காதீர்கள். ஆறிப்போன காபி கொடுத்தார்கள் என்ற புகாராகிவிடும்.