டிவி எடுக்கும் முன் கதிரையிலிருந்து சுவர் வரை அளந்து பாருங்கள்

கேள்வி: அண்ணா, எங்கள் வீட்டில் இருப்பது அப்பா வாங்கிய 21 அங்குலப் பெட்டி டிவி. படம் இரண்டு பக்கமும் சுருங்கி, நிறமும் மங்கிவிட்டது. இந்த மாதம் சீட்டுக் காசு வருகிறது, முதல் தடவையாக எச்.டி. டிவி ஒன்று எடுக்கலாம் என்றிருக்கிறேன். கல்முனையில் கடைக்காரர், “முழு எச்.டி. எல்லாம் பழசு, 4கே எடுங்க, மிச்சத்தத் தவணையில கட்டலாம்” என்கிறார். அம்மாவுக்குச் செய்தியில் கீழே ஓடும் எழுத்துத் தெரிந்தால் எனக்குப் போதும். 32 எடுப்பதா, 43 எடுப்பதா? அம்மாவின் கதிரைக்கும் சுவருக்கும் இடையில் ஒன்பது அடி. பழைய டிஷ் பெட்டிதான் பாவிக்கிறோம்.
— வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, டிவி எடுக்க வருகிறவர்களில் அளந்துகொண்டு வருகிறவர்கள் குறைவு. அந்த ஒன்பது அடியை நீங்கள் எழுதியதால்தான் என்னால் நேரடியாகப் பதில் சொல்ல முடிகிறது. 43 அங்குலம், முழு எச்.டி., கையில் இருக்கும் காசுக்கு. தவணை வேண்டாம்.

காரணத்தைச் சொல்கிறேன். 32 அங்குலத்தில் வரும் சாதாரண எச்.டி. திரையில் பெரும்பாலும் அகலத்தில் 1366, உயரத்தில் 768 என்று படப்புள்ளிகள் இருக்கும். முழு எச்.டி. என்றால் 1920க்கு 1080. 4கே என்றால் 3840க்கு 2160. கடையில் இரண்டடி தள்ளி நின்று பார்க்கும்போது 4கே உண்மையிலேயே அழகாகத்தான் இருக்கும். ஆனால் 43 அங்குல முழு எச்.டி. திரையிலிருந்து ஆறடி பின்னால் போனாலே, நல்ல கண்ணுக்கும் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது. ஒன்பது அடியில் இருக்கும் அம்மாவுக்கு 4கேயால் எந்த மாற்றமும் இல்லை. திரையின் பருமன்தான் அவருக்கு உதவும். 32இல் தெரிவதைவிட 43இல் எழுத்து மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். 43இல் முழு எச்.டி. கிடைக்காமல் 4கே அதே விலைக்கு வந்தால் எடுங்கள், குறையில்லை. அதற்காகக் கடன்படுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இனி டிஷ் பெட்டி. புது டிவி எடுத்தவர்கள் பலர், “படம் பழையதைவிட மங்கல்” என்று என்னைக் கூப்பிடுவார்கள். போய்ப் பின்னால் பார்த்தால் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர்தான் கொழுவியிருக்கும். அந்த மஞ்சள் வயரால் எச்.டி. படத்தைக் கொண்டுவரவே முடியாது. முழு எச்.டி.யில் 1080 கோடு என்றால், அதில் வருவது 576 கோடுதான், எந்த விலை டிவியானாலும் அதை ஊதிப் பெருப்பித்துத்தான் காட்டும். அன்டெனாவில் வருவதும் 1982இல் ரூபவாஹினி தொடங்கியபோது இருந்த அதே 625 கோட்டு முறைதான், அதிலும் படத்துக்கு 576 கோடுதான். ஆகவே தவணைக்குக் கட்ட நினைத்த காசில் ஒரு பங்கை எச்.டி. டிஷ் பெட்டிக்கு ஒதுக்குங்கள். மஞ்சள் வயருக்குப் பதிலாக டிவியில் கொழுவ, எச்.டி. படத்தைக் கொண்டுவரும் எச்.டி.எம்.ஐ. வயர் இரண்டு மீற்றர் போதும், விலை கூடியது தேவையில்லை. உங்கள் பொதியில் எச்.டி. அலைவரிசைகள் இருக்கின்றனவா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய நிகழ்ச்சிகளில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அதை இழுத்து நிரப்பினால் எல்லாருடைய முகமும் அகன்றுவிடும், அப்படியே விடுங்கள். பட்டையோடு பார்த்தாலும் 43இல் அந்தப் படம் 35 அங்குலப் பெட்டி டிவி அளவுக்கு இருக்கும்.

அடுத்தது மின்னல். நம் கரையில் டிவி வைத்திருக்கும் எல்லாரும் இதைக் கேட்க வேண்டும். ஆரையம்பதியில் என் அக்கா வீட்டில் டிவி எடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஐப்பசி மாதம், பின்னேரம், மழைக்கு முன் முழக்கம். நான் சொல்லிக் கொடுத்தபடி அக்கா பிளக்கைக் கழற்றிவிட்டார். டிஷ் வயரைக் கழற்றச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பக்கத்து வளவுத் தென்னையில் இடி விழுந்தது. டிஷ் வயர் வழியாக வந்து பெட்டியும் போனது, எச்.டி.எம்.ஐ. வாய் வழியாக டிவியின் மெயின் போர்டும் போனது. மின்னலுக்கு உத்தரவாதம் இல்லை என்றார்கள். அக்காவின் காசு அது, இன்றைக்கும் எனக்கு மனவருத்தம்தான். ஆகவே தங்கச்சி, சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் வானம் கறுக்கத் தொடங்கும்போதே பிளக், டிஷ் வயர் இரண்டையும் கழற்றிவிடுங்கள். முழக்கம் பக்கத்தில் வந்துவிட்டால் வயரில் கையே வைக்க வேண்டாம். ரிமோட்டில் நிற்பாட்டுவது பாதுகாப்பே இல்லை.

கடையில் பெட்டியை உடைத்து, டிவியைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளை, கறுப்புத் திரையில் புள்ளி, கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். திரை உடைந்தால் உத்தரவாதம் செல்லாது, மாற்றும் செலவு புது டிவி விலைக்குக் கிட்ட வந்துவிடும். செய்தி வாசிப்பு ஒன்றைப் போட்டுச் சத்தத்தையும் கேளுங்கள், மெல்லிய டிவிகளில் பேச்சு அடைத்துக் கேட்பதுண்டு. ஓட்டோவில் கொண்டுவரும்போது நிமிர்த்தியே பிடியுங்கள், படுக்க வைக்க வேண்டாம். வீட்டில் யன்னல் வெளிச்சம் திரையில் விழாத இடமாகப் பாருங்கள். மாரியில் ஊறுகிற சுவரானால் ஆணியடித்து மாட்டாமல் மேசையில் வையுங்கள், கதிரையிலிருந்து பார்க்க அம்மாவுக்கும் கழுத்து வலிக்காது.

கேள்வி: ஸ்மார்ட் டிவி எடுத்தால் போன் டேட்டாவிலேயே ஓட்டலாமா?
— வாசகர், அக்கரைப்பற்று

பதில்: ஓட்டலாம், தம்பி. ஆனால் எச்.டி. தரத்தில் பார்த்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 1 முதல் 3 ஜிபி வரை போகும். தினமும் ஒரு படம் என்றால் டேட்டா தாங்காது. தரத்தை 480க்குக் குறைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு இணைய இணைப்பு எடுத்த பிறகு யோசியுங்கள்.

கேள்வி: பழைய பெட்டி டிவியைக் கழற்றிச் செம்பை எடுத்து விற்கலாம் என்கிறான் மகன். விடலாமா?
— வாசகி, திருக்கோவில்

பதில்: விட வேண்டாம், அம்மா. பிளக்கைக் கழற்றி வைத்தாலும் அந்தக் குழாயில் ஆளைத் தூக்கி எறியும் அளவுக்குக் கரண்ட் தங்கியிருக்கலாம். குழாய்க் கண்ணாடியில் ஈயமும் உண்டு, உடைந்து வளவு மண்ணில் சேரக்கூடாது. ஓடுகிற டிவி என்றால் தேவைப்பட்ட வீட்டுக்குக் கொடுங்கள். ஓடாவிட்டால் இலத்திரனியல் கழிவு சேர்க்கிறவர்களிடம் முழுதாகவே ஒப்படையுங்கள். அதுவரைக்கும் மகன் கை வைக்காத இடத்தில் இருக்கட்டும்.